பாலைவனம் காலி இடம் இல்லை: 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்த கதை

எங்கள் துறையில் எந்த ப்ராஜெக்ட் ஆரம்பித்தாலும் முதலில் ஒரு எக்ஸெல் ஷீட் திறப்பார்கள். என்னென்ன தப்பாகப் போகலாம், போனால் என்ன செய்வது, யார் பொறுப்பு என்று மூன்று கட்டம். 'ரிஸ்க் ரெஜிஸ்டர்' என்று பேர். அதில் எழுதினது பெரும்பாலும் நடக்காது. எழுதாமல் விட்டது ஒன்று எங்கிருந்தோ வந்து மண்டையில் போடும். (படிக்கிற சாஃப்ட்வேர் மக்கள் தலையாட்டுவது இங்கே தெரிகிறது.)

பயப்படாதீங்க, இது சாஃப்ட்வேர் பற்றினது இல்லை. சினிமா. அதுவும் 1961-ல் ஜோர்டான் பாலைவனத்தில் ஆரம்பித்த ஒரு படப்பிடிப்பு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பற்றி உலகத்தில் எல்லாரும் எழுதியாச்சு. நடிப்பு, இசை, ஏழு ஆஸ்கர் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அதோட ப்ளானிங். தண்ணீர், ஒட்டகம், ஃபிலிம் சுருள், ராணுவம், ராஜா என்று எல்லாத்துக்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஆனாலும், எந்த நாடு அவர்களுக்கு எல்லா உதவியும் செய்ததோ அந்த நாட்டிலேயே படத்துக்குத் தடை வந்தது. ஷீட்டில் எழுதாமல் விட்டது என்ன? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முன்கதைச் சுருக்கம்

தெரியாதவர்களுக்கு ஒரு பாராவில். முதல் உலகப்போர் நேரம். அரபு நாடுகள் பெரும்பாலும் ஒட்டோமான் துருக்கியர் கையில். 1916-ல் மெக்காவின் ஷரீஃப் ஹுசைன் துருக்கிக்கு எதிராகக் கிளர்ச்சியை ஆரம்பிக்கிறார். பிரிட்டன் பணமும் துப்பாக்கியும் கொடுக்கிறது. ஹுசைனுடைய பிள்ளைகளில் ஒருவர் ஃபைசல். அவர்கூட இருக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரிதான் டி. ஈ. லாரன்ஸ். 1917 ஜூலையில் அக்கபா துறைமுகத்தைக் கடல் பக்கமாக இல்லாமல் பாலைவனம் பக்கமாக வந்து பிடிக்கிறார்கள். அந்தப் படையில் முக்கியமான ஆள், ஹுவைத்தாத் என்கிற பெதூயின் குலத்தின் தலைவர்களில் ஒருவரான ஔதா அபு தாயி. போர் முடிந்ததும் பிரிட்டனும் பிரான்ஸும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1921-ல் ஃபைசல் ஈராக்குக்கு ராஜா ஆனார். அவர் அண்ணன் அப்துல்லா ஜோர்டானுக்குத் தலைவர் ஆனார்.

இந்தப் பேரையெல்லாம் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி எல்லாரும் திரும்ப வருவார்கள்.

கிடப்பில் போன இரண்டு ப்ளான்

டேவிட் லீனுக்கு முன்னாடியே இந்தக் கதையைப் படமாக்க ஆசைப்பட்டவர்கள் உண்டு. 1930களில் அலெக்ஸாண்டர் கோர்டா முயற்சி பண்ணினார். தான் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று லாரன்ஸே கேட்டுக்கொண்டார். 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் லாரன்ஸ் செத்துப்போனார். அதுக்கப்புறமும் படம் நகரவில்லை. துருக்கியின் மனசு கோணக்கூடாது என்பது அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கவலை.

அடுத்து 1950களின் பிற்பகுதியில் ராங்க் நிறுவனம். அந்தனி ஆஸ்க்வித் இயக்கம், டெரன்ஸ் ராட்டிகன் எழுத்து, டர்க் போகார்ட் ஹீரோ. ஈராக்கில் எடுப்பதாக ஏற்பாடு. 1958-ல் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். கைவிட்டதும் நல்லதாகப் போச்சு. அதே வருஷம் ஜூலை 14-ம் தேதி ஈராக்கில் புரட்சி. இளவயசு ராஜா இரண்டாம் ஃபைசலைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றார்கள். அவர் யார் என்றால், லாரன்ஸோட சண்டை போட்ட அதே ஃபைசலின் பேரன். அந்த நேரத்தில் ஒரு பிரிட்டிஷ் படக்குழு பாக்தாத்தில் கூடாரம் போட்டிருந்தால்? நினைச்சுப் பாருங்க.

ஆக, பாலைவன நாட்டில் படம் எடுக்கப் போகிறவனுக்கு முதல் ரிஸ்க் வெயில் இல்லை, வரலாறு. கதை நடந்து நாற்பது வருஷம் ஆகியும் அந்தக் கதையில் வருகிற குடும்பங்கள்தான் அங்கே ஆட்சியில் இருந்தன.

காட்டிலிருந்து பாலைவனத்துக்கு

இயக்குநர் டேவிட் லீன், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல். இவர்கள் முன்னாடி சேர்ந்து எடுத்தது 'த ப்ரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957). தாய்லாந்துக் கதை, ஆனா எடுத்தது முழுக்க இலங்கையில், கித்துல்கலை பக்கம். மரத்தில் நிஜமாகவே பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி, நிஜமாகவே வெடித்தார்கள். அன்றைய பிரதமர் பண்டாரநாயக்காவே வேடிக்கை பார்க்க வந்தாராம். முதல் தடவை ஒரு கேமராமேனிடமிருந்து சிக்னல் வரவில்லை என்று வெடிக்காமல் விட்டுவிட, ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் தடம் புரண்டது. பிறகு ரயிலைத் தூக்கி நிறுத்தி, மறுபடி ஓட்டி, வெடித்தார்கள். இப்படி ஒரு அனுபவம் இருக்கிற ஆட்கள், 'இடத்துக்கே போய் எடுப்போம், செட் போட்டு ஏமாத்த வேண்டாம்' என்று சொன்னால் அது வெறும் ஆசை இல்லை, அனுபவத்தில் வந்த தைரியம்.

இடையில் லீன் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க இந்தியாவுக்கு வந்து வேலை பார்த்தார் என்பது உபரித் தகவல். அது நடக்கவில்லை. அதை விட்டுவிட்டுத்தான் லாரன்ஸுக்கு வந்தார். (காந்தி படத்தை 1982-ல் அட்டன்பரோ எடுத்தார். அது வேற கதை.)

ராஜாவின் கையெழுத்து

1960-ல் லீனும் ஆர்ட் டைரக்டர் ஜான் பாக்ஸும் ஜோர்டானில் இடம் தேடிப் போனார்கள். லாரன்ஸ் ஆட்கள் கவிழ்த்த ஹிஜாஸ் ரயில்வேயின் மிச்சங்கள் அப்போதும் மணலில் கிடந்தன. வாதி ரம் பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைகள் புத்தகத்தில் லாரன்ஸ் வர்ணித்தபடியே நின்றன. ஒரு இயக்குநருக்கு இதுக்கு மேல் என்ன வேண்டும்?

அனுமதி வேண்டும். ஜோர்டான் ராஜா ஹுசைனுக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. அவர் தாத்தாதான் மேலே சொன்ன அப்துல்லா. 1951-ல் ஜெருசலேம் மசூதி வாசலில் அப்துல்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது பேரன் பக்கத்திலேயே நின்றிருந்தார். 1956-ல் தன் ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ்காரர் க்ளப் பாஷாவை வேலையை விட்டுத் தூக்கியவரும் இதே ஹுசைன்தான். அதே வருஷம்தான் சூயஸ் சண்டை. பிரிட்டன் என்றாலே அரபு உலகத்தில் கடுப்பு. இந்த நிலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு போய், 'உங்க கொள்ளுத்தாத்தா ஆரம்பித்த கிளர்ச்சியை நாங்க படமா எடுக்கிறோம், ஹீரோ எங்க ஆளு' என்று கேட்க வேண்டும்.

இதுக்கு ஸ்பீகல் பிடித்த ஆள் அற்புதமான தேர்வு. ஆன்டனி நட்டிங். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் இணை அமைச்சராக இருந்து, சூயஸ் படையெடுப்பை எதிர்த்து 1956-ல் ராஜினாமா செய்தவர். அரபுக்காரர்களுக்கு அவர்மேல் மரியாதை. லண்டனில் இருந்து போய் ஹுசைனிடம் பேச இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ராஜா சரி என்றார். வெறும் சரி இல்லை. பாலைவனப் படைவீரர்கள், ஒட்டகம், போக்குவரத்து, கூட்டத்தில் நிற்க ஆட்கள் எல்லாம் கொடுத்தார். படப்பிடிப்புக்குப் பல தடவை நேரிலேயே வந்தார். அவர் மணந்த ஆங்கிலப் பெண், பின்னாளில் முனா இளவரசி, இந்தப் படப்பிடிப்பில் வேலை பார்த்தபோதுதான் அவரைச் சந்தித்தார் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கினது 1961 மே 15. கல்யாணம் மே 25. பத்து நாளில் பார்த்து, பேசி, கல்யாணமா? தேதியைப் பார்த்தால் கதை நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஜோர்டானில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி என்பதே போதுமான விளக்கம். ஆனா நல்ல கதையை யார் விடுவா? :-)

தண்ணி லாரியும் குளிர்பெட்டியும்

இப்போ நிஜ வேலைக்கு வருவோம்.

முதலில் எடுத்த இடம் ஜெபல் துபைக். சவூதி எல்லைக்குப் பக்கத்தில், அக்கபாவிலிருந்து வெகு தூரம் உள்ளே. தண்ணீர் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து லாரியில் வர வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க, வண்டி ரேடியேட்டருக்கு, ஒட்டகத்துக்கு என்று எல்லாமே அந்த லாரி. ஒரு நாள் லாரி வரவில்லை என்றால் படப்பிடிப்பு மட்டும் நிற்காது, உயிரே ஆபத்து. ஆகவே இந்த மாதிரி இடத்தில் கேமராவை வைத்துக் கணக்கை ஆரம்பிக்க முடியாது. தண்ணி லாரியை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், லாரிக்கு எத்தனை மணி நேரம், அதனால் எத்தனை பேரைத் தங்கவைக்க முடியும், அதனால் என்ன சீன் எடுக்க முடியும் என்று தலைகீழாகப் போகிற கணக்கு அது.

அடுத்து ஃபிலிம். சூப்பர் பானாவிஷன் 70, அதாவது 65 மில்லிமீட்டர் நெகடிவ். சாதாரண 35-ஐ விட அகலம், கேமராவும் கனம். கலர் ஃபிலிம் என்பது ரசாயனப் பூச்சு. சூட்டில் வைத்தால் நிறம் மாறிவிடும். அதனால் ஃபிலிமுக்குக் குளிர்பதன வண்டி. மனுஷன் கூடாரத்தில் வெந்தாலும் ஃபிலிம் சொகுசாக இருக்க வேண்டும். கேமரா மேலே குடை, ஈரத்துணி. கேமராமேன் ஃப்ரெடி யங் இதையெல்லாம் பார்த்துக்கொண்டார்.

எடுத்த ஃபிலிமை அங்கேயே கழுவ முடியாது. லண்டனுக்கு விமானத்தில் அனுப்பி, கழுவி, பார்த்து, 'சரியா வந்திருக்கு' என்று பதில் வர நாள் கணக்காகும். இப்போதெல்லாம் மானிட்டரில் அந்த நிமிஷமே பார்க்கிறோம். அன்றைக்கு எழுதின கோடு ஓடுகிறதா என்று தெரியாமலே அடுத்த கோடு எழுதிக்கொண்டு போகிற நிலைமை. லென்ஸில் ஒரு மணல் துகள் கீறல் போட்டிருந்தாலும் அது தெரிவதற்குள் குழு வேற இடத்துக்குப் போயிருக்கும்.

மணல் இன்னொரு விதத்திலும் படுத்தும். 'யாருமே கால் வைக்காத பாலைவனம்' என்று காட்ட வேண்டும். ஆனா ஒரு டேக் எடுத்தால் போதும், ஒட்டகக் காலடி அத்தனையும் பதிந்துவிடும். இரண்டாவது டேக்குக்கு ஒன்று மணலைப் பெருக்க வேண்டும், இல்லை இடம் மாற வேண்டும். சாப்பாட்டு வண்டி எந்த வழியாக வரணும் என்பதுகூட கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. யாராவது ஒருத்தர் குறுக்கே நடந்தால் அந்த மணல்மேடு போச்சு.

நடிகர்களுக்கு ஒட்டகம் பெரும் பாடு. லாரன்ஸ் உயரம் அஞ்சரை அடிதான், நடித்த பீட்டர் ஓ'டூல் ஆறடிக்கு மேல். பாவம், சேணத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் உரிந்தது. கடைசியில் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கி சேணத்துக்கு மேல் போட்டுக்கொண்டார். கூட இருந்த பெதூயின்கள் அவருக்கு வைத்த பேர் 'அபு அல்-இஸ்ஃபஞ்ச்', ஸ்பாஞ்சின் தகப்பன் என்று அர்த்தம். கிண்டல் பண்ணினதோடு நிற்கவில்லை, அவர்களும் ஸ்பாஞ்ச் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்களாம்.

தயாரிப்பாளர் ஸ்பீகல்? அவர் அக்கபா கடலில் தன் சொகுசுப் படகில். மேனேஜ்மெண்ட் எங்கே உட்காரும் என்பது அன்றும் இன்றும் மாறவில்லை.

கானலில் வந்த மனிதன்

படம் பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சி ஒன்று. லாரன்ஸும் வழிகாட்டி தஃபாஸும் ஒரு கிணற்றடியில். தூரத்தில் கானல்நீரில் ஒரு கறுப்புப் புள்ளி. மெல்ல மெல்லப் பெரிதாகி, ஒட்டகத்தில் வருகிற மனிதன் ஆகிறது. ஷரீஃப் அலியாக ஒமர் ஷெரீஃப். வந்தவுடன் தஃபாஸைச் சுட்டுத் தள்ளுகிறான். காரணம்? 'இது எங்க கிணறு.'

கானல்நீரை செட்டில் போட முடியாது. அதுக்குத் தட்டையான, சூடான, எல்லையில்லாத தரை வேண்டும். அல்-ஜஃப்ர் என்ற இடத்துக்குப் போனார்கள். காய்ந்துபோன ஏரி மாதிரி களிமண் தரை. ஃப்ரெடி யங் பானாவிஷனில் சொல்லி 482 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும், நடுவில் அலையடிக்கிற சூடான காற்றையும் சேர்த்து இழுக்கும். ஜான் பாக்ஸ் இன்னொரு வேலை செய்தார். பார்க்கிறவன் கண் நேராக அந்தப் புள்ளிக்குப் போவதற்காகத் தரையில் வெளிறிய ஒரு தடம் போட்டு, கறுப்புக் கற்களைப் பரப்பினார். 'இயற்கை' என்று நாம் வாய் பிளந்து பார்க்கிற காட்சியில் பெயிண்டும் இருக்கிறது. அதனால் அதன் அழகு குறையவில்லை, எனக்கு இன்னும் கூடித்தான் போச்சு.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு தகவல்: சுடப்பட்டு விழுகிற தஃபாஸ், பாகிஸ்தான் நடிகர் ஜியா முஹிதீன். பின்னாடி லாரன்ஸ் உயிரைக் காப்பாற்றி, அப்புறம் அவரே சுட வேண்டி வருகிற காசிம், இந்தி சினிமாவின் ஐ. எஸ். ஜோஹர்.

இன்னொரு தகவல்தான் முக்கியம். இந்த அல்-ஜஃப்ர் யார் இடம்? நிஜ ஔதா அபு தாயியின் இடம். 1917-ல் துருக்கியர் அங்கிருந்த கிணறுகளை வெடி வைத்துத் தூர்த்தார்கள். ஔதாவின் ஆட்கள் ஒன்றைத் தோண்டித் திரும்பத் தண்ணி எடுத்தார்கள். போருக்குப் பிறகு ஔதா தனக்கு மாளிகை கட்ட ஆரம்பித்ததும் அங்கேதான். 1924-ல் இறந்தார். ஆக, கிணற்றுக்கு யார் சொந்தக்காரன் என்று அலி கேட்கிற காட்சியை ஹுவைத்தாத்தின் மண்ணில் நின்று எடுத்திருக்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் இல்லாத ப்ராஜெக்ட்

இவ்வளவு கச்சிதமாக ப்ளான் பண்ணினவர்களிடம் முழு ஸ்கிரிப்ட் இல்லை என்றால் நம்புவீர்களா? முதலில் எழுதினவர் மைக்கேல் வில்சன். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் போடப்பட்டவர். லீனுக்குத் திருப்தி இல்லை. பிறகு ராபர்ட் போல்ட் வந்தார். படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் 1961-ல் அணுகுண்டு எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டு ஜெயிலுக்குப் போய்விட்டார். இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் வெளியே விடுவார்கள். கொள்கைக்காக மறுத்தார். கடைசியில் ஸ்பீகல் போய், உன்னால் இத்தனை பேர் வேலை நிற்கிறது என்று பேசிப் பேசி கையெழுத்து வாங்கினார்.

பொதுவாக ஜோர்டான் திட்டம் தடுமாறியதுக்கு வெயிலைக் குறை சொல்வார்கள். எனக்கென்னமோ வெயிலைவிட இதுதான் பெரிய காரணம் என்று படுகிறது. அடுத்த மாசம் என்ன எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான ஆட்களைத் தண்ணி லாரியை நம்பி வைத்திருந்தால் செலவு எங்கே நிற்கும்?

நிற்கவில்லை. குழுவில் நோய் வேற. திட்டப்படி அக்கபாவும் பெட்ராவும் ஜோர்டானிலேயே எடுக்க வேண்டியது. அதுக்கு முன்னாடியே ஸ்பீகல் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். படம் ஸ்பெயினுக்குப் போனது. செவில் நகரக் கட்டிடங்கள் கெய்ரோவாகவும் ஜெருசலேமாகவும் டமாஸ்கஸாகவும் ஆயின. அல்மேரியா பக்கம் அல்கரோபிகோ கடற்கரையில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களோடு 1917-ம் வருஷத்து அக்கபாவை மறுபடி கட்டினார்கள். அந்தப் புகழ்பெற்ற அக்கபா தாக்குதல், கேமரா ஒரே வீச்சில் ஊரிலிருந்து கடல்வரை போகுமே, அது ஸ்பெயின். நிஜ அக்கபாவில் முகாம் போட்டிருந்தவர்கள் பொய் அக்கபாவைக் கட்டி எடுத்தார்கள். பிறகு கொஞ்சம் மொராக்கோ. 1962 செப்டம்பர் 21-ல் முடிந்தது. அதே டிசம்பர் 10-ம் தேதி லண்டனில் ராணி முன்னிலையில் முதல் காட்சி.

ஷீட்டில் இல்லாத வரி

இவ்வளவு உதவி செய்த ஜோர்டானில் படம் தடை செய்யப்பட்டது. அரபுப் பண்பாட்டை மரியாதையில்லாமல் காட்டியிருக்கிறது என்பது காரணம்.

ஔதாவின் வாரிசுகள் கொலம்பியா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். படத்தில் ஔதா (ஆன்டனி க்வின்) தங்கத்துக்கு ஆசைப்பட்டு அக்கபாவுக்கு வருகிறவர். தங்கம் இல்லை என்றதும் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவர். தங்கள் தாத்தா விடுதலைக்காகப் போனவர் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இது எப்படி இருக்கும்? வழக்கு கிட்டத்தட்ட பத்து வருஷம் இழுத்து, பிறகு கைவிடப்பட்டது. ஷரீஃப் அலி வாரிசுகளும் வழக்குப் போட்டார்கள். பிரிட்டிஷ் தளபதி ஆலன்பியின் குடும்பமும் புகார் கொடுத்தது. லாரன்ஸின் தம்பிக்கே படம் பிடிக்கவில்லை.

ராஜா ஹுசைனின் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அவருடைய தாத்தா அப்துல்லா, அந்த நாட்டையே நிறுவினவர், படத்தில் ஒரு பாத்திரமாகக்கூட இல்லை.

எகிப்தில் மட்டும் படம் பெரிய அளவில் வெளியாகி நன்றாக ஓடியது. ஒமர் ஷெரீஃப் அந்த ஊர்க்காரர், அதிபர் நாசருக்கும் படம் பிடித்திருந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், குழு மரியாதை தெரியாமல் நடந்துகொள்ளவில்லை. ஒரு காட்சியில் ஆங்கில நடிகர் ஹென்றி ஆஸ்கர் குர்ஆன் ஓத வேண்டும். அவருக்கு அரபி தெரியாது. ஜோர்டான் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். தப்பு வராமல் பார்க்க ஒரு இமாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதித்தார்கள். ஒத்துக்கொண்டு எடுத்தார்கள். உச்சரிப்பைச் சரிபார்க்க ஆள் இருந்தது. கதையைச் சரிபார்க்க ஆள் இல்லை. கேட்கணும் என்றுகூட யாருக்கும் தோணலை. ராஜா கையெழுத்து போட்டார் என்றால் நாடே கையெழுத்து போட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அல்-ஜஃப்ரில் லென்ஸ் வைக்க அனுமதி வாங்கினார்கள். அல்-ஜஃப்ர்காரனின் தாத்தாவை எப்படிக் காட்டலாம் என்பது வேற அனுமதி. அது ராஜாவிடம் கிடைக்காது.

இது அந்தக் காலத்து ஆங்கிலேயர் தவறு மட்டும் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தை ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுப்பதாக இருந்தது. மழை கொட்டி பாலைவனம் பூத்துவிட்டது! அதனால் 2012-ல் நமீபியாவுக்குப் போனார்கள். வண்டிகள் ஓடினதில் அங்கே பாசி போலத் தரையோடு படர்ந்து மிக மிக மெதுவாக வளர்கிற லைக்கன் சேதமானது என்று 2013-ல் சூழலியலாளர்கள் குற்றம் சாட்டினார்கள், நமீபியத் திரைப்பட ஆணையம் மறுத்தது. யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு உறைத்தது வேற. வெளியிலிருந்து வருகிறவன் கண்ணுக்குப் பாலைவனம் என்றால் காலி இடம். அங்கே இருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கிணறுக்கும் ஒரு பேர், ஒரு சொந்தக்காரன், ஒரு பழைய சண்டை. செடிகூட நூறு வருஷக் கணக்கு வைத்திருக்கிறது.

ஓநாய்க்குட்டி

ஜோர்டான் கதை தடையோடு முடியவில்லை. 2003-ல் அந்த நாடு அரச திரைப்பட ஆணையம் ஒன்றை ஆரம்பித்தது. வாதி ரம் 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 'த மார்ஷியன்' (2015) படத்தின் செவ்வாய் கிரகம் வாதி ரம்தான். 'ட்யூன்' (2021) பாலைவனத்திலும் அது உண்டு. அங்கே ஒரு பெரிய பாறைக்கு இப்போ லாரன்ஸ் புத்தகத்தின் பேரையே வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். படம் போட்ட சோறு அது. மறுக்கக் கூடாது.

ஆனா எனக்குப் பெரிய பதிலாகத் தெரிவது 2014-ல் வந்த 'தீப்' என்ற சின்னப் படம். தீப் என்றால் அரபியில் ஓநாய். இயக்குநர் நாஜி அபு நுவார். வருஷம் 1916, இடம் வாதி ரம் பக்கம். அதே கிளர்ச்சி, அதே பாலைவனம். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பெதூயின் கூடாரத்துக்கு வந்து கிணற்றுக்கு வழி கேட்கிறான். நாம் உடனே 'ஓ, இவன்தான் ஹீரோ' என்று நிமிர்ந்து உட்காருகிறோம். கொஞ்ச நேரத்தில் அவன் செத்துப்போகிறான். படம் அவனை விட்டுவிட்டு அங்கிருந்த சின்னப் பையனோடு போகிறது.

நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிப்பே தெரியாத பெதூயின்கள். எடுக்கும் முன்னாடி எழுத்தாளரும் இயக்குநரும் ஒரு வருஷம் போல அங்கேயே அவர்களோடு வாழ்ந்து, கதையை அவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஷெட்யூலில் அந்த ஒரு வருஷத்துக்கு என்ன பேர் போடுவது? எந்த ப்ராஜெக்ட் மேனேஜரும் முதலில் வெட்டுகிற வரி அதுதான். 2016-ல் ஆஸ்கரின் வெளிநாட்டு மொழிப் பிரிவில் போட்டியிட்ட முதல் ஜோர்டான் படம் ஆனது 'தீப்'.

லீனின் படம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய திரையில் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், அந்தக் கானல்நீருக்காகவே. ஆனா இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் புள்ளியாகத் தூரத்தில் வருகிறவன் பெதூயின், பார்த்துக்கொண்டு நிற்பவன் ஆங்கிலேயன். மற்றதில் புள்ளியாக வருகிறவன் ஆங்கிலேயன்.

பையனாக நடித்த சிறுவனின் முழுப்பேர் படத்தின் எழுத்தோட்டத்தில் வரும். ஜாசிர் ஈத் அல்-ஹுவைத்தாத்.